தபசுகாலத்துக் கடைவாய்ப்பல்

என் வீட்டுக்காரர் பேசில் தன் பல்வலியை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்தது பக்தியினால் அல்ல, பல் பிடுங்குகிற குறட்டுக்குப் பயந்து. இது எனக்கும் அவருக்கும் மட்டுந்தான் தெரியும். இப்போது அவர் இல்லை. சண்டைக்காலத்தில் சயாமுக்கு ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் கூட்டிக்கொண்டு போனவர்களில் அவரும் ஒருவர். திரும்பி வந்தவர்களில் இல்லை. அதனால் இந்த விஷயத்தை நான் ஒருத்தியாகவே வைத்துக்கொண்டிருக்கிறேன். எழுதிவிட்டால் சிரிப்பதற்கு இன்னும் நாலு பேர் கிடைப்பார்கள்.

நடந்தது சண்டைக்கு ரொம்ப முன்னால். பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவாட்டர்ஸில் குடியிருந்தோம். அவருக்கு ரயிலில் கார்டு வேலை. குரல் நல்ல குரல். ஆனால் கோவிலில் எப்போதும் இரண்டாவது வரிசையில் நின்று, முன்னால் நிற்கிறவர் தோளுக்குப் பின்னாலிருந்துதான் பாடுவார். பெரிய வெள்ளியன்று மாதாவின் புலம்பலைத் தனியாகப் பாடுகிற பொறுப்பு பல வருஷமாக லியனார்ட் என்பவரிடம் இருந்தது. அந்த வருஷம் லியனார்டைக் கிமாஸுக்கு மாற்றிவிட்டார்கள். பிரெஞ்சுக்காரச் சாமியார் பூசை முடிந்ததும் இவரைக் கூப்பிட்டு, "பேசில், இந்த முறை நீ" என்றார். அன்று வீட்டுக்கு வந்தவர் தொப்பியைக் கழற்றாமலே சாப்பிட்டார். அவ்வளவு சந்தோஷம்.

அதே மாதத்தில் கடைவாய்ப்பல் ஆரம்பித்தது. இடது பக்கம், கீழே, கடைசியிலும் கடைசி. முளைக்கும்போதே சாய்ந்து முளைத்தது. பாதி ஈறுக்குள், பாதி வெளியே. அதிலும் சொத்தை. நான் விளக்கைப் பிடித்துப் பார்த்தேன். கருப்பட்டித் துண்டு மாதிரி இருந்தது.

"பிடுங்கிடலாங்க" என்றேன்.

"பாக்கலாம்" என்றார்.

அவர் சிறுவயதில் கிள்ளானில் வளர்ந்தவர். அங்கே பாசாரில் ஒரு சீனப் பல்காரன் தரையில் பாய் விரித்து, பிடுங்கின பற்களையெல்லாம் காயப்போட்ட மொச்சை மாதிரி குவித்து வைத்திருப்பானாம். கூட்டம் அதிகமானால் கையிலிருக்கிற குறட்டால் தாளம் தட்டுவானாம். வளர்ந்து, மீசை வைத்து, கார்டு கோட்டு போட்ட பிறகும் இவர் அந்தப் பக்கம் போனால் எதிர்ச்சாரியில்தான் நடப்பார்.

நாற்பது நாள் தபசுகாலம் தொடங்குகிற சாம்பல் புதனன்று கோவில் முகப்பில் எல்லாரும் நின்றுகொண்டிருந்தோம். பாக்கியத்தக்கா இவர் கன்னத்தைப் பார்த்துவிட்டார். பாக்கியத்தக்கா எங்கள் கோவிலில் பீடத்துக்குப் பூ வைப்பவர். அவர் காதில் ஒரு சேதி விழுந்தால் அடுத்த வண்டிக்கே செந்தூல் வரைக்கும் போய்விடும்.

"என்ன தம்பி, வாயில எலுமிச்சம்பழத்த அடக்கி வச்சிருக்கியா?"

"கடைவாய்ப்பல்லுக்கா."

"ஆம்பள புள்ள, போய்ப் புடுங்கிப் போடாம?"

பக்கத்தில் ஜெயராஜ் நின்றார். லியனார்டுக்கு அடுத்து தனக்குத்தான் புலம்பல் என்று நம்பியிருந்தவர். நல்ல மனுஷர்தான். ஆனால் பாடினால் குரல் முழுவதும் மூக்கு வழியாகத்தான் வரும். அவர் முன்னால் பயந்தவனாக நிற்க இவருக்கு மனசில்லை. நெற்றியில் சாம்பல் வேறு. அது கொடுத்த தைரியமோ என்னவோ, திடீரென்று சொன்னார்:

"இல்லக்கா. இந்த வலிய ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்திட்டேன். தபசுகாலம் முடியற வரைக்கும் பல்லுல யாரையும் கை வைக்க விடறதா இல்ல."

பாக்கியத்தக்கா சிலுவை போட்டுக்கொண்டார். நாங்களெல்லாம் வெற்றிலையை விடுவோம், சர்க்கரையை விடுவோம். ஜெயராஜ் சுருட்டை விட்டிருந்தார். பல்வலியை எடுத்துக்கொண்டவர் இவர் ஒருவர்தான்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "யாரைக் கேட்டு ஒப்புக்கொடுத்தீங்க?"

"ஆண்டவருக்குக் கொடுக்கறதுக்கு யாரைக் கேக்கணும்?"

"நீங்க ஆண்டவருக்கா கொடுத்தீங்க? பாக்கியத்தக்காகிட்டல்ல கொடுத்தீங்க. இனி திருப்பி வாங்க முடியாது."

அவர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, மாட்டிக்கொண்டவர் முகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

அப்புறம் பார்க்க வேண்டுமே! கோவிலில் இவருக்கு முன்வரிசையில் இடம் விட்டார்கள். கஞ்சி தவிர எதுவும் இறங்காததால் தினமும் ஒருசந்திதான். அதற்கும் பேர் வந்தது. யாரோ ஒரு அம்மாள் மாந்தம் கண்ட குழந்தையைக் கொண்டுவந்து, "தலையில ஒருதரம் கை வைங்க" என்றாள். இவர் பயந்துபோய் வைத்தார். குழந்தைக்கு மறுநாள் சரியாகிவிட்டதாம். வேறு கேட்க வேண்டுமா?

இதற்கிடையில் ஒருநாள் அலமாரிக்குப் பின்னால் நின்று எதையோ கடித்துக்கொண்டிருந்தார்.

"என்னது வாயில?"

"கிராம்பு."

"மருந்து கூடாதுன்னீங்களே?"

"கிராம்பு மருந்தில்லையே. மசாலா."

பக்கத்து வீட்டு நல்லம்மாளக்காவுக்கு இதெல்லாம் பார்த்துப் பொறுக்கவில்லை. அவர் புருஷன் ரெங்கசாமி ரயில்வே பட்டறையில் பிட்டர். அக்கா மளிகைக் கடையில் சொல்லிவைத்து கண்டங்கத்திரி விதை வாங்கி வந்தார். தணலில் அதைப் போட்டு, ஓட்டை போட்ட சிரட்டையைக் கவிழ்த்து, அந்தப் புகையை வாயில் பிடிக்கச் சொன்னார். பல்லிலிருக்கிற புழுவெல்லாம் தானாக விழுந்துவிடும் என்றார். இவர் பிடித்தார். புழு விழவில்லை. இருமி இருமிக் கண்ணீர்தான் விழுந்தது.

"அண்ணே, நாங்களுந்தான் வேண்டுதல் வச்சு பத்துமலைக்கு வேல் குத்திக்கிட்டுப் போறோம்" என்றார் அக்கா. "மலை ஏறி எறங்கினதும் குத்தின வேலை உருவிடறோம்லா. ஒன்ன மாதிரி வாயிலேயே வச்சிக்கிட்டு வேலைக்கும் போய்க்கிட்டா இருக்கோம்?"

வேலைக்குப் போவதும் லேசாக இல்லை. ஒருநாள் ஸ்டேஷனில் கொடியைக் காட்டிவிட்டு விசிலை ஊதியிருக்கிறார். வாய் குவியவில்லை, காற்று மட்டும் புஸ்ஸென்று போயிருக்கிறது. டிரைவர் சின்னையா விசில் வரும் வரும் என்று எட்டிப் பார்த்துவிட்டு, கடைசியில் இறங்கி நடந்தே வந்து, "என்ன கார்டு, கெளம்பட்டுமா, இல்ல இன்னிக்கு வண்டியையும் ஒப்புக்கொடுத்திட்டியா?" என்றாராம்.

ஜெயராஜ் வாராவாரம் வந்து விசாரிப்பார். வாசலில் நின்றபடியே, "வீக்கம் எறங்கிருச்சா?" என்பார். இறங்கவில்லை என்றால் ரொம்ப வருத்தப்படுவார். வருத்தப்பட்டுக்கொண்டே தொண்டையைக் கனைத்துப் பார்த்துக்கொள்வார்.

பெரிய வெள்ளி நெருங்க நெருங்கத்தான் விளையாட்டு விளையாட்டாக இல்லாமல் போனது. ஒரு சனிக்கிழமை புலம்பலைப் பாடிப் பார்க்க உட்கார்ந்தார். இரண்டாவது அடியில் குரல் மேலே ஏற வேண்டிய இடம். வாய் திறக்கவில்லை. தாடை பூட்டுப் போட்ட மாதிரி பாதியில் நின்றுவிட்டது. மறுபடி பாடினார். மறுபடி அதே இடம். பிறகு எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார்.

"ஜெயராஜ் பாடட்டும்" என்றார், என்னைப் பார்க்காமல். "அவனுக்கும் வார்த்தையெல்லாம் தெரியும்."

இந்த மனுஷர் அந்தப் புலம்பலுக்காக எத்தனை ஆசையாக இருந்தார் என்று எனக்குத் தெரியும். கிமாஸ் வண்டியில் லியனார்டைப் பார்த்தபோதெல்லாம் இழுவையைக் கேட்டுக் கேட்டு எழுதி வந்தார். குளிக்கும்போது பாடினார். என் பக்கத்தில் தூங்கும்போதுகூட வாய் முணுமுணுக்கும். பல்லைப் பிடுங்கினால் நேர்ச்சை போச்சு, ஊர் சிரிக்கும். விட்டால் பாட்டு போச்சு. இரண்டுக்கும் நடுவில் நின்றார். அவரை நான் எப்படி வெளியே கொண்டுவருவது?

மறுநாள் ஞாயிறு. கோழிக்கறி வைத்திருந்தேன். தபசுகாலத்தில் மற்ற நாளெல்லாம் ஒருசந்தி, சுத்தபோசனம் என்று இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீடுகளில் கறி உண்டு. அவர் குழம்பை மட்டும் கஞ்சியில் விட்டுக்கொண்டு, கறித்துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்குச் சட்டென்று தோன்றியது.

"ஏங்க, தபசுகாலத்துல இன்னிக்கு மட்டும் எப்படிக் கறி ஆக்கறோம்?"

"இது தெரியாதா? ஞாயித்துக்கிழமை தபசுல சேராது. நாப்பது நாள் கணக்கு ஞாயித்துக்கிழமைய விட்டுட்டுத்தான்."

"வாய்க்குச் சேராத ஞாயித்துக்கிழமை, பல்லுக்கு மட்டும் சேருமா?"

கரண்டி கையிலேயே நின்றது. என்னைப் பார்த்தார். கறியைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "தபசுகாலம் முடியற வரைக்கும்னுதான் சொன்னேன்" என்றார்.

"ஆமா. ஞாயித்துக்கிழமை தபசுகாலம் இல்ல."

"பாக்கியத்தக்கா ஒத்துக்குவாங்களா?"

"பல்லு பாக்கியத்தக்காவோடதா?"

அடுத்த ஞாயிறு குருத்து ஞாயிறு. அதை விட்டால் பெரிய வெள்ளிக்கு முன்னால் வேறு ஞாயிறு கிடையாது. அந்த வாரம் முழுவதும் இவர் ஓட்டை தேடிக்கொண்டே இருந்தார். ஞாயிறு ஓய்வுநாளாயிற்றே, அன்று பல் பிடுங்குவது வேலை செய்வதாகாதா என்றார். பிடுங்குகிறவருக்குத்தான் வேலை, உங்களுக்கு என்ன வேலை, படுத்திருக்கப் போகிறீர்கள் என்றேன். ஞாயிற்றுக்கிழமை எந்த டாக்டர் திறந்திருப்பார் என்றார். அதற்கு ரெங்கசாமி அண்ணன் வழி சொன்னார். அவருக்கு மேல்வரிசையில் ஒரு தங்கப்பல் உண்டு, பேசும்போது உதட்டைக் கொஞ்சம் தூக்கியே பேசுவார். கிள்ளானில் ஒரு ஜப்பான் டாக்டர் கட்டியதாம். தோட்டத்தில் கணக்கெழுதுகிற கிராணிகளெல்லாம் பட்டணத்துக்கு வருகிற நாள் என்பதால் அவர் ஞாயிற்றுக்கிழமை திறந்திருப்பாராம்.

குருத்துப் பூசை முடிந்து அப்படியே கிள்ளான் வண்டியில் ஏறினோம். ரயில்வே பாஸ் இருந்தது. மந்திரித்த குருத்தோலை அவர் கையிலேயே இருந்தது. பத்துத்திகா ஸ்டேஷன் தாண்டும் வரைக்கும் அதை மடித்து மடித்துச் சிலுவை செய்தார், பிரித்தார், மறுபடி செய்தார்.

டாக்டர் பேர் மொரிதா. ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு கடைக்கு மேல்மாடி. குள்ளமாக, வெள்ளைக் கோட்டுப் போட்டு, உள்ளங்கைகளைத் துடைத்துக்கொண்டே இருந்தார். மலாயில்தான் பேசினார். பிற்பாடு வந்த ஜப்பான்காரர்களைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை. இவரைப் பற்றி எழுதலாம்.

"புக்கா" என்றார். திற என்று. இவர் திறந்தார். டாக்டர் இரண்டு விரலை நிமிர்த்திப் பல்லுக்கு இடையில் வைத்துப் பார்த்தார். இரண்டாவது விரல் இடித்துக்கொண்டுதான் போனது.

பிறகு கண்ணாடியைப் போட்டு ரொம்ப நேரம் பார்த்தார். இரண்டு வழி இருக்கிறது என்றார். ஒன்று, குடைந்து, மருந்து வைத்து, அடைத்து, மேலே தங்கம் கட்டுவது. அதற்குப் பல தடவை வர வேண்டும். இன்னொன்று, எடுத்துவிடுவது.

இவர் முகம் மலர்ந்தது. "தங்கம்" என்றார்.

"தங்கம் யார் பார்ப்பதற்கு?" என்று கேட்டார் டாக்டர். "அவ்வளவு பின்னால் இருக்கிறது. நான் பார்ப்பேன், உன் நாக்கு பார்க்கும். பல்லே சாய்ந்து கிடக்கிறது, அடியில் சீழ் கட்டியிருக்கிறது. உள்ளே நெருப்புப் பிடித்த வீட்டுக்குக் கூரை மாற்றுவார்களா?"

"எடுத்தா வெள்ளிக்கிழமை பாட முடியுமா?"

டாக்டருக்குப் புரியவில்லை. நான் எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். தேவமாதா, மகன் இறந்துவிட்டான், அவள் அழுவதைப் பாட்டாகப் பாட வேண்டும், இவர்தான் பாட வேண்டும் என்று. அவர் கொஞ்சம் யோசித்தார். "எவ்வளவு வாய் வேண்டும் அந்தப் பாட்டுக்கு? பாடிக் காட்டு" என்றார்.

நாற்காலியில் சாய்ந்தபடி, கழுத்தில் துண்டு கட்டிக்கொண்டு, கையில் குருத்தோலையோடு என் வீட்டுக்காரர் புலம்பலை எடுத்தார். முதல் அடி நன்றாகவே வந்தது. இரண்டாவது அடியில் தாடை நிற்கிற இடத்தில் விடக்கூடாது என்று தம் பிடித்து இழுத்தார். பாதி பாட்டு, பாதி அலறல். வெளியே பெஞ்சில் கன்னத்தில் துணி கட்டிக்கொண்டு காத்திருந்த சீன அம்மாள் துள்ளி எழுந்து மாடிப்படியை நோக்கி ஓடினாள்.

"பெலோம்! பெலோம்!" என்று டாக்டர் கதவுக்கு ஓடினார். இன்னும் இல்லை, இன்னும் ஆரம்பிக்கவே இல்லை என்று அவர் கத்தியது அந்த அம்மாளை இன்னும் வேகமாக ஓட வைத்தது.

திரும்பி வந்தவர் கையைக் கழுவிக்கொண்டு சொன்னார். "எடுத்தால் வீங்கும். வெள்ளிக்கிழமைக்கு இறங்கலாம், இறங்காமலும் போகலாம். நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் எடுக்காவிட்டால், இன்றைக்கு இரண்டு விரல் போகிற வாயில் வெள்ளிக்கிழமை ஒரு விரல்கூடப் போகாது. நீயே சொல்."

இவர் என்னைப் பார்த்தார். கதவைத் திறந்துவிடத்தான் என்னால் முடியும், உள்ளே அவர்தான் நடக்க வேண்டும்.

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமைதானே?" என்றார்.

"ஆமாங்க."

கண்ணை மூடிக்கொண்டார். "எடுக்கச் சொல்லு."

ஊசி போட்டார்கள். டாக்டர் தோளைச் சாய்த்து என்னமோ செய்தார். கடக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். "எப்ப ஆரம்பிப்பாரு?" என்று இவர் ஒரு பக்க வாயால் கேட்டார். கிண்ணத்தில் கிடந்ததைக் காட்டினார்கள். இவர் அதையே பார்த்தார், பிறகு அழ ஆரம்பித்துவிட்டார். வலிக்கிறதா என்று டாக்டர் பதறினார். வலிக்கவில்லை, அதனால்தான் அழுகிறார் என்று மலாயில் எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலையில் முகம் பலாக்காய். பாக்கியத்தக்கா பார்த்துவிட்டு, "கடைசி வாரம், ஆண்டவர் நல்லா சோதிக்கிறாரு" என்று கண் கலங்கினார். இவர் பல் போன விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தார். வாய்தான் திறக்கவில்லை. உப்புத் தண்ணீர், ஒத்தடம், வாய் விரியத் தாடைக்கு இடையில் மரக்கரண்டிக் காம்பு. இப்படியே நாள் போனது. வியாழக்கிழமை வாய் இரண்டு விரல் அளவுக்குத் திறந்தது. அதற்கு மேல் ஒரு நூல்கூட நகரவில்லை.

பெரிய வெள்ளியன்று சாமியார் கேட்டார். "பேசில், முடியுமா?"

"கொஞ்சந்தான் தொறக்குது சாமி."

"கொஞ்சமாகப் பாடு" என்றார் சாமியார்.

கொஞ்சமாகத்தான் பாடினார். உச்சத்துக்குப் போகவில்லை. மேலே போக வேண்டிய இடத்திலெல்லாம் கீழேயே நின்று, பல்லுக்கு நடுவில், பேசுகிற மாதிரி பாடினார். கோவிலில் ஒரு குழந்தைகூடச் சத்தம் போடவில்லை. கிழவர்கள் அழுதார்கள். ஜெயராஜ் தலையைக் குனிந்துகொண்டு நின்றார், மூக்கைச் சிந்தினார்.

வெளியே வந்ததும் எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள். "வலியோட பாடினீங்களே, மாதாவே நின்னு பாடின மாதிரி இருந்திச்சு" என்றார் பாக்கியத்தக்கா. இவர் பொறுக்கிற வரைக்கும் பொறுத்தார்.

"அக்கா, வலி இல்ல. பல்லு ஞாயித்துக்கிழமையே போயிருச்சு. கிள்ளான்ல எடுத்தேன்."

பாக்கியத்தக்கா இவரை மேலும் கீழும் பார்த்தார்.

"ஞாயித்துக்கிழமையா?"

"ஞாயித்துக்கிழமைக்கா. தபசுல சேராது."

அக்கா உதடு அசைய என்னமோ கணக்குப் போட்டார். "சேராதுதான்" என்றார் கடைசியில். பிறகு என் கையைப் பிடித்துத் தனியாக இழுத்துக்கொண்டு போய், "அந்த டாக்டரு பொம்பளைங்களுக்கும் பாப்பாரா? எனக்கு மேப்பல்லு ஒரு வருஷமா" என்றார்.

ஜெயராஜ் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார். "ஞாயித்துக்கிழமை சேராதா?" என்றார். "சாம்பல் புதனிலேருந்து நான் சுருட்டத் தொடவே இல்லியேடா, பாவி! ஒருத்தன் சொன்னீங்களா?"

அதற்கப்புறம் வருஷா வருஷம் என் வீட்டுக்காரர்தான் பாடினார். வாயை நன்றாகத் திறந்து, மேலே போக வேண்டிய இடமெல்லாம் போய்ப் பாடினார். எல்லாரும் நன்றாக இருந்தது என்பார்கள். உடனே, "இருந்தாலும் அந்த வருஷம் மாதிரி வரலை" என்பார்கள். ஒரு தடவை அதே மாதிரி வருமா என்று தாடையை இறுக்கிப் பாடிப் பார்த்தார். சாமியார் உடம்புக்கு என்ன என்று கேட்டுவிட்டார்.

இன்றைக்கும் பழைய ஆட்கள் என்னைப் பார்த்தால் அந்த வருஷத்துப் புலம்பலைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எப்படிப் பாடினார், நீங்கள் சொல்லுங்கள் என்கிறார்கள். நான் தலையை ஆட்டிவிடுவேன். அன்று பெண்கள் பக்கத்தில் நின்று, அவர் தாடை பூட்டிக்கொள்ளுமோ, இந்த அடியில் நிற்குமோ, அடுத்த அடியில் நிற்குமோ என்று அந்த இரண்டு விரல் இடைவெளியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டு எப்போது முடிந்தது என்றே தெரியாது. ஊரெல்லாம் கேட்ட பாட்டை நான் கேட்கவில்லை. நான் கேட்டதெல்லாம் மற்ற வருஷங்களில் பாடியதைத்தான். அவை எனக்குப் போதுமானதாகத்தான் இருந்தன.